கையைப் பிடித்து இழுக்காதீர்கள்... கை கொடுங்கள்! பக்கவாதத்துக்குப் பிறகு பெரியவர்களை வீட்டில் பார்த்துக்கொள்வது எப்படி?

'அப்பத்தாவுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு', 'தாத்தாவுக்கு வாய் கோணிக்கிச்சு'. சாத்தூரை அடுத்த ஏழாயிரம்பண்ணை வட்டாரத்தில் பக்கவாதத்தை இப்படித்தான் சொல்வார்கள். செய்தி தெருமுனையைத் தாண்டுவதற்குள் ஆளாளுக்கு ஒரு வைத்தியம் வந்துவிடும். புறா ரத்தத்தைச் சூடாகத் தடவச் சொல்வார் ஒருவர். எண்ணெய் போட்டு உருவிவிடச் சொல்வார் இன்னொருவர். அலைந்து திரிந்து ஆஸ்பத்திரிக்குப் போய், பத்துப் பதினைந்து நாள் கழித்துப் பெரியவரை வீட்டுக்குக் கூட்டிவரும்போதுதான் உண்மையான கேள்வி எழும்: 'இனி யார் பார்த்துக்கொள்வது?'

பட்டாசும் தீப்பெட்டியும் சோறு போடும் ஊர் இது. பல வீடுகளில் ஆணும் பெண்ணும் காலையிலேயே 'ஆபீஸ்' வேனில் ஏறிவிடுவார்கள். (இங்கே ஆபீஸ் என்றால் தீப்பெட்டி ஆபீஸ் அல்லது பட்டாசு ஆபீஸ்.) போனால்தான் அன்றைய கூலி. பெரியவர் படுத்துவிட்டால், மகளோ மருமகளோ வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார வேண்டியிருக்கிறது. அப்படி உட்காரும் ஒருவருக்கு என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று யாரும் விளக்கமாகச் சொல்லித் தருவதும் இல்லை. பாசத்தில் செய்யும் சில காரியங்களே பெரியவரின் முன்னேற்றத்தைத் தடுத்துவிடுவதும் உண்டு.

முதல் சில மணி நேரம்

வீட்டுப் பராமரிப்புக்கு முன்பாக ஒரு விஷயம். ஒருமுறை வந்தவருக்குப் பக்கவாதம் மறுபடியும் வரும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். அதனால் இதை வீட்டில் எல்லோரும், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் உட்பட, தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

திடீரென்று வாய் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கையோ காலோ வலுவிழப்பது, பேச்சு குழறுவது, பார்வை மங்குவது, தள்ளாடுவது ஆகியவை முக்கிய அறிகுறிகள். சிரிக்கச் சொல்லுங்கள், இரண்டு கைகளையும் தூக்கச் சொல்லுங்கள், ஒரு வாக்கியம் பேசச் சொல்லுங்கள். மூன்றில் ஒன்று தப்பினாலும் உடனே 108-ஐ அழையுங்கள். கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்ற நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். டாக்டர் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

பக்கவாதத்தில் இரண்டு வகை. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபடுவது ஒன்று. வெடித்து ரத்தம் கசிவது இன்னொன்று. அடைப்பு வகையே அதிகம். அந்த வகைக்கு, அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட முடியும். எந்த வகை என்பது சி.டி. ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். ஆகவே, 'ரத்தம் கரையட்டும்' என்று வீட்டிலேயே ஆஸ்பிரின் மாத்திரை கொடுப்பது ஆபத்து. கசிவு வகையாக இருந்தால் நிலைமை மோசமாகிவிடும். தண்ணீர், காபி, சோடா எதுவும் வாயில் ஊற்றக் கூடாது. வாந்தி எடுத்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள்.

ஏழாயிரம்பண்ணை போன்ற ஊரிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் பயணமே இந்த நாலரை மணி நேரத்தில் ஒரு பகுதியைத் தின்றுவிடும். விருதுநகரில் 2022-ம் ஆண்டு ஜனவரியில் தொடங்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மதுரையில் அரசு ராஜாஜி மருத்துவமனை இருக்கிறது. ஸ்கேனும் இந்த ஊசியும் எங்கே இருக்கின்றன என்று நல்ல நாளிலேயே விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது. புறா தேடும் நேரத்தில் ஆம்புலன்ஸ் பாதித் தூரம் போயிருக்கும்.

கோணிய வாய் பத்து நிமிடத்தில் தானாகவே சரியாகிவிட்டாலும் விட்டுவிடாதீர்கள். அது அடுத்து வரப்போகும் பெரிய தாக்குதலுக்கான எச்சரிக்கையாக இருக்கலாம். அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

மூளை சுற்றுவழி தேடும்

பாதிக்கப்பட்ட மூளைப் பகுதியில் இறந்த செல்கள் திரும்ப வராது. பிறகு எப்படிச் சிலர் மறுபடியும் நடக்கிறார்கள், பேசுகிறார்கள்?

சாத்தூர் ரோட்டில் பாலம் வேலை நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பஸ் நின்றுவிடுவதில்லை. ஏதாவது மண் ரோட்டில் சுற்றிக்கொண்டு போகும். முதல் நாள் தடுமாறும். போகப்போக அந்த மண் ரோடே பழகிவிடும். மூளையும் அப்படித்தான். அடைபட்ட வழிக்குப் பதிலாக, பக்கத்தில் இருக்கும் நரம்பு செல்களைக்கொண்டு புது வழி போட முயலும். ஆனால், பஸ் ஓடினால்தான் தடம் பதியும். அந்தக் கையையும் காலையும் நாவையும் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால்தான் மூளையில் புது வழி உருவாகும்.

முதல் மூன்று மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். அதன் பிறகு வேகம் குறையுமே தவிர, நின்றுவிடாது. 'ஆறு மாசம் ஆச்சு, இனிமே அவ்வளவுதான்' என்று கைவிட வேண்டியதில்லை. ஒரு வருடம் கழித்தும் சட்டைப் பொத்தான் போடக் கற்றுக்கொள்பவர்கள் இருக்கிறார்கள்.

அதேசமயம், அவசரமும் கூடாது. 5 நாடுகளில் 2,104 நோயாளிகளைக்கொண்டு நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2015-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியானது. முதல் 24 மணி நேரத்துக்குள்ளேயே அடிக்கடி எழுப்பி, உட்காரவைத்து, நடக்கவைத்தவர்களுக்கு மூன்று மாதம் கழித்துக் கிடைத்த பலன், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிடச் சற்றுக் குறைவாகவே இருந்தது. எப்போது எழுப்பலாம், எவ்வளவு நேரம் உட்காரவைக்கலாம் என்பதை ஆஸ்பத்திரியில்தான் முடிவுசெய்ய வேண்டும்.

வீட்டுக்கு வந்த முதல் வாரம்: மூன்று ஆபத்துகள்

விழுங்குவது: கை, காலைப் போலவே தொண்டைத் தசையும் பலவீனமாகி இருக்கலாம். சாப்பாடு உணவுக்குழாய்க்குப் பதில் மூச்சுக்குழாய்க்குள் போனால் நிமோனியா வரும். பக்கவாத நோயாளிகளின் உயிரைப் பறிப்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. 'ஒண்ணும் சாப்பிடலையே' என்ற பதைப்பில், படுத்திருப்பவர் வாயில் நீர்த்த கஞ்சியை ஊற்றுவதுதான் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு. தண்ணீர், மோர், நீர்க்கஞ்சி போன்றவை வேகமாகத் தொண்டையில் இறங்குவதால் புரையேறும் வாய்ப்பு அதிகம். விழுங்கும் திறனைப் பரிசோதித்து, எதைத் தரலாம் என்று டாக்டர் சொன்ன பிறகே வாய் வழியாகத் தர வேண்டும். நிமிர்ந்து உட்காரவைத்து, சிறு ஸ்பூனில், ஒரு வாய் உள்ளே போன பிறகு அடுத்த வாய். சாப்பிட்டதும் அரை மணி நேரமாவது உட்கார்ந்தே இருக்கட்டும். சாப்பிடும்போது இருமல் வந்தாலோ, குரல் 'கொழகொழ'வென்று மாறினாலோ நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். மூக்கு வழியாகக் குழாய் போட்டு அனுப்பியிருந்தால், பரிதாபப்பட்டு வாயில் எதையும் கொடுக்காதீர்கள்.

தோள்பட்டை: எழுப்பி உட்காரவைக்கும்போது பாதித்த கையைப் பிடித்து இழுப்பது எல்லோரும் செய்வது. வலுவிழந்த தசையால் தோள் மூட்டைப் பிடித்துவைத்திருக்க முடியாது. இழுத்தால் மூட்டு விலகும். பிறகு வலி தாங்காமல், பயிற்சி செய்யவே பெரியவர் மறுத்துவிடுவார். அக்குளுக்கு அடியில் கைகொடுத்துத் தூக்குவதும் தவறுதான். முதுகுப் பக்கம், தோள் எலும்புக்கும் இடுப்புக்கும் கைகொடுத்து எழுப்ப வேண்டும். உட்கார்ந்திருக்கும்போது பாதித்த கை தொங்காமல், கீழே ஒரு தலையணை வையுங்கள். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது, நாற்காலி நல்ல கை, கால் இருக்கும் பக்கமாக இருக்கட்டும்.

படுக்கைப் புண்: தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். முதுகு, இடுப்பு, குதிகால் ஆகிய இடங்களைத் தினமும் பாருங்கள். சிவந்த இடம் அழுத்தம் எடுத்த பிறகும் மறையவில்லை என்றால், அது புண்ணின் தொடக்கம். அந்த இடத்தைத் தேய்க்காதீர்கள். அதன் மேல் படுக்கவைக்காதீர்கள்.

ஒத்தடம் கொடுப்பதிலும் கவனம் தேவை. பாதித்த பக்கத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால், சுடுகிறது என்று அவருக்கே தெரியாது. தோல் வெந்த பிறகுதான் தெரியவரும்.

செய்து கொடுக்காமல், செய்ய விடுங்கள்

தலை வாரிவிட்டு, ஊட்டிவிட்டு, வாய் துடைத்துவிட்டு, 'நீங்க கைய அசைக்க வேணாம் தாத்தா, நான் பாத்துக்கிறேன்' என்று சொல்வதில் பாசம் இருக்கிறது. ஆனால், அந்தக் கைக்கு அன்றைக்குக் கிடைக்க வேண்டிய பயிற்சி போய்விடுகிறது.

சட்டை போட அரை மணி நேரம் ஆனாலும் ஆகட்டும். அதற்கு ஒரு முறை இருக்கிறது. போடும்போது பாதித்த கைக்கு முதலில் சட்டை. கழற்றும்போது நல்ல கையிலிருந்து முதலில். சேலை கட்ட முடியாத அப்பத்தாவுக்கு, கொஞ்ச நாளைக்கு முன்பக்கம் பொத்தான் வைத்த நைட்டி வசதி. கைத்தடி நல்ல கையில் இருக்க வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது பாதித்த கால் முதலில். பாதித்த கை பக்கம் ஆள் நிற்க வேண்டும்.

சாப்பிடும்போது, பாதித்த கை தட்டைப் பிடித்துக்கொள்ளட்டும், அல்லது தட்டுக்குப் பக்கத்தில் மேஜை மேல் இருக்கட்டும். அந்தக் கையும் வேலையில் பங்கெடுக்க வேண்டும் என்பதுதான் நோக்கம்.

இந்தக் கொள்கையை வைத்து அமெரிக்காவில் 222 நோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. பாதித்த கை ஓரளவு அசையக்கூடியவர்களுக்கு, இரண்டு வாரங்களுக்கு நல்ல கையில் உறை மாட்டி, எல்லா வேலைக்கும் பாதித்த கையையே பயன்படுத்தவைத்தார்கள். அந்தக் கையின் செயல்பாடு நன்கு முன்னேறியது என்று 2006-ல் முடிவு வெளியானது. எல்லோருக்கும் இது பொருந்தாது. இயன்முறை மருத்துவர், அதாவது பிசியோதெரபிஸ்ட், பார்த்துச் சொன்னால் மட்டுமே செய்ய வேண்டும்.

பழகிய வேலை என்றால் மனசும் ஒத்துழைக்கும். காலமெல்லாம் தீப்பெட்டி ஆபீஸில் பெட்டி ஒட்டிய கைக்கு, ரப்பர் பந்தை அமுக்கச் சொன்னால் அலுப்பாக இருக்கும். காலித் தீப்பெட்டிகளைக் கொடுத்து அடுக்கச் சொல்லுங்கள். உள்தட்டை வெளியே இழுத்து உள்ளே தள்ளச் சொல்லுங்கள். மருந்து முக்காத வெறுங்குச்சிகளை எண்ணிப் பெட்டிக்குள் வைக்கச் சொல்லுங்கள். விரல் நுனிக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடைப்பது கஷ்டம். மல்லிகைப் பூவைத் தரம் பிரிப்பது, பூண்டு உரிப்பது, துணி மடிப்பது ஆகியவையும் இதே வகைதான். வெடிமருந்து ஒட்டிய எதுவும் வீட்டுப் பக்கமே வரக் கூடாது என்பது இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வீட்டிலும் சில மாற்றங்கள் வேண்டும். கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், பல மாத உழைப்பு வீணாகும். பாத்ரூம் சுவரில் பிடிமானக் கம்பி, நடுவில் துளையிட்ட கமோடு நாற்காலி, இரவில் சிறு விளக்கு, வழியில் கிடக்கும் மிதியடியையும் வயரையும் அப்புறப்படுத்துவது என்று எல்லாமே சின்னச் செலவுகள்தான். மேற்கத்திய டாய்லெட் கட்ட வசதியில்லாவிட்டாலும், கமோடு நாற்காலி ஒன்று வாங்கிவிட்டால் பெரியவரின் மானம் காப்பாற்றப்படும்.

பேச்சு போனால் அறிவு போகவில்லை

மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டவர்கள் பலருக்குப் பேச்சு தடைபடும். சொல்ல வந்தது மனசில் இருக்கும், வார்த்தை வராது. தண்ணீர் என்று சொல்ல நினைத்து 'சாவி' என்பார். 'தாத்தாவுக்குப் புத்தி பிசகிடுச்சு' என்று அவர் காதுபடவே பேசுவது கொடுமை. மற்றவர்கள் பேசுவது அவருக்குப் பெருமளவு புரியக்கூடும்.

டி.வி-யை அணைத்துவிட்டு, முகத்துக்கு நேராக உட்கார்ந்து, சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுங்கள். 'என்ன வேணும்?' என்பதைவிட, 'தண்ணி வேணுமா அப்பத்தா? வேணும்னா என் கைய அமுக்குங்க' என்று கேட்பது நல்லது. பதில் வர நேரம் எடுக்கும். மனசுக்குள் பத்து வரை எண்ணிவிட்டுக் காத்திருங்கள். தண்ணீர்ச் செம்பு, சாப்பாட்டுத் தட்டு, மாத்திரை, பாத்ரூம், பேரப்பிள்ளைகள் என்று செல்போனில் படம் எடுத்துவைத்து, தொட்டுக்காட்டச் சொல்லலாம். பேரப்பிள்ளைகள் இந்த வேலையை ஆசையாகச் செய்வார்கள்.

ஒரு வார்த்தை பேச முடியாதவர், பழைய சினிமாப் பாட்டை அட்சரம் பிசகாமல் பாடுவதைப் பார்த்து வீட்டில் அசந்துபோவதுண்டு. பாட்டுக்கு மூளையின் வலப்பக்கமும் பெருமளவு துணைசெய்வதுதான் காரணம். ஒன்று, இரண்டு என்று எண்ணுவது, கிழமைகளைச் சொல்வது, சிறுவயதில் மனப்பாடம் செய்த பிரார்த்தனை என எது வருகிறதோ அதிலிருந்து தொடங்குங்கள். பேச்சுப் பயிற்சியாளர் கிடைத்தால் விடாதீர்கள்.

அழுகையும், காணாமல்போன பாதித் தட்டும்

சில மாற்றங்கள் குடும்பத்தைக் குழப்பிவிடும். காரணமே இல்லாமல் தேம்பி அழுவார். துக்கச் செய்தி கேட்டுச் சிரிப்பார். உணர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மூளை வழிகள் பாதிக்கப்படும்போது இப்படி ஆகும். திட்டவோ பயப்படவோ வேண்டாம். பேச்சை மாற்றினால் கொஞ்ச நேரத்தில் அடங்கும்.

இன்னொன்று: தட்டில் வலப்பக்கச் சோற்றை மட்டும் சாப்பிட்டுவிட்டு, இடப்பக்கம் அப்படியே இருக்க, 'சோறு பத்தலை' என்பார். இடப்பக்கம் நிற்கும் மகனைக் கவனிக்கவே மாட்டார். கண் நன்றாகவே இருக்கும். மூளையின் வலப்பக்கம் பாதித்தவர்களுக்கு, இடப்பக்க உலகமே கவனத்தில் பதியாமல் போகலாம். 'வீம்பு பண்றார்' என்று நினைக்காமல், இடப்பக்கம் உட்கார்ந்து பேசுவது, அந்தப் பக்கத்தைத் தொட்டு நினைவூட்டுவது உதவும்.

பக்கவாதம் வந்தவர்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. 'நான் உங்களுக்குப் பாரமாயிட்டேன்' என்று அடிக்கடி சொல்வது, சாப்பாட்டையும் பயிற்சியையும் ஒதுக்குவது அதன் அடையாளமாக இருக்கலாம். 'தைரியமா இருங்க' என்று சொன்னால் மட்டும் போதாது. மருந்து இருக்கிறது, டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

குடும்பம் மட்டும் போதுமா?

இந்தக் கேள்விக்கு இந்தியாவிலேயே பதில் தேடியிருக்கிறார்கள். 14 மருத்துவமனைகளில் 1,250 பக்கவாத நோயாளிகளைச் சேர்த்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பாதிப்பேருக்கு, குடும்பத்தில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, ஆஸ்பத்திரியிலும் பிறகு வீட்டிலுமாகப் பயிற்சி கொடுத்தார்கள். மீதிப்பேருக்கு வழக்கமான சிகிச்சை. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, இறந்தவர்களும் பிறரைச் சார்ந்தே இருந்தவர்களும் சேர்த்து இரண்டு தரப்பிலும் 47 சதவிகிதம். வித்தியாசமே இல்லை. 2017-ல் 'லான்செட்' இதழில் வெளியான முடிவு இது.

குடும்பத்தின் கவனிப்பு வீண் என்று இதற்கு அர்த்தம் இல்லை. வீட்டில் ஒருவருக்குச் சில நாள் சொல்லிக்கொடுத்துவிட்டால், பயிற்சி பெற்ற மருத்துவப் பணியாளரின் இடத்தை அது நிரப்பிவிடும் என்று நம்ப முடியாது என்பதே அர்த்தம். இரண்டும் வேண்டும்.

தமிழ்நாட்டில் அதற்கு ஒரு வழி இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், பி.பி., சர்க்கரை மாத்திரைகள் வீடு தேடி வருவதைப் பலரும் அறிவார்கள். நடமாட முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருவதும், படுக்கையில் இருப்பவர்களுக்கு ஆதரவுச் சிகிச்சை தருவதும் அதே திட்டத்தில் அடக்கம். டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், பெரியவரின் பெயரைப் பதிவுசெய்யுங்கள். பிசியோதெரபிஸ்ட் வரும் நாளில், அவர் செய்துகாட்டும் பயிற்சிகளைச் செல்போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். அவர் வராத நாள்களில் அதைப் பார்த்துச் செய்யலாம்.

தெருவே பங்கெடுத்த கதை

1965 பிப்ரவரியில், ஹாலிவுட் நடிகை பெட்ரீஷியா நீலுக்கு அடுத்தடுத்து மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டது. அப்போது வயது 39, கர்ப்பிணி வேறு. மூன்று வாரம் நினைவில்லை. விழித்தபோது பேச்சு இல்லை, வலப்பக்கம் அசையவில்லை. அதற்கு முந்தைய ஆண்டுதான் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் வாங்கியிருந்தார்.

அவருடைய கணவர், குழந்தைகளுக்கான கதைகளால் உலகப் புகழ்பெற்ற எழுத்தாளர் ரோல்ட் டால். இங்கிலாந்தில் கிரேட் மிஸ்ஸெண்டன் என்ற கிராமத்தில் அவர்கள் வீடு. அக்கம்பக்கத்தவர்களை அழைத்து, முறைபோட்டு வரவைத்தார் டால். ஒருவர் எழுதப் படிக்கவைப்பார், ஒருவர் கணக்குப் போடவைப்பார், ஒருவர் சும்மா பேசிக்கொண்டிருப்பார். வந்தவர்கள் டாக்டர்களோ நர்ஸ்களோ இல்லை, பக்கத்து வீட்டுக்காரர்கள். டால் மிகவும் கண்டிப்பாக நடந்துகொண்டார் என்ற விமர்சனமும் உண்டு. ஆகஸ்டில் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. 1968-ல் பெட்ரீஷியா மறுபடியும் சினிமாவில் நடித்தார். அந்தப் படத்துக்காகவும் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டார். 84 வயது வரை வாழ்ந்தார்.

அப்படி முறைபோட்டு வந்தவர்களில் ஒருவர் வேலரி ஈட்டன் கிரிஃபித். இந்த அனுபவத்தை 1970-ல் புத்தகமாக எழுதினார். அதன் தொடர்ச்சியாக, பக்கவாதம் வந்தவர்களுக்குத் தன்னார்வலர்கள் உதவும் திட்டம் ஒன்று பிரிட்டனில் 1973-ல் உருவானது.

நட்சத்திர வீட்டுக்கு இருந்த வசதி ஏழாயிரம்பண்ணையில் கிடையாது. ஆனால், அக்கம்பக்கம் உண்டு. பெரியவருக்குப் பக்கவாதம் என்றதும் ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு பார்க்க வராத ஆள் இல்லை. அந்தப் பாசத்தை ஒரு வேலையாக மாற்றினால் போதும். பத்து நாளில் ஐம்பது பேர் வந்து 'இப்படி ஆயிடுச்சே' என்று அழுதுவிட்டுப் போவதைவிட, நாலு பேர் வாரத்துக்கு ஒரு மணி நேரம் வந்தால் உதவியாக இருக்கும். பக்கத்து வீட்டு மதினி செவ்வாய்க்கிழமை வந்து பூ கட்டவைக்கட்டும். பழைய சேக்காளி ஞாயிற்றுக்கிழமை வந்து, கைத்தாங்கலாக டீக்கடை வரை கூட்டிப்போகட்டும். கல்லூரிக்குப் போகும் பேரன் சாயங்காலம் பேப்பர் வாசித்துக்காட்டட்டும். வெளியூரில் இருக்கும் மகன் பணம் அனுப்புவதோடு நிறுத்தாமல், தினமும் வீடியோ காலில் பத்து நிமிடம் பேசவைக்கட்டும். மாதத்தில் சில நாள் வந்து தங்கி, பார்த்துக்கொள்பவருக்கு ஓய்வு கொடுக்கட்டும்.

ஏனென்றால், பார்த்துக்கொள்ளும் அந்த ஒருவருக்கு உடம்பும் மனசும் தேயும். ராத்தூக்கம் போகும், இடுப்பு வலி வரும், கூலியும் போகும். 'மருமகள்தானே, செய்யட்டும்' என்று மற்றவர்கள் ஒதுங்கும் வீட்டில், கோபம் கடைசியில் பெரியவர் மேல்தான் திரும்பும். அவருடைய ஓய்வும் பெரியவரின் சிகிச்சையில் சேர்த்திதான்.

காராச்சேவும் பி.பி. மாத்திரையும்

அடுத்த தாக்குதலைத் தடுப்பதில் முதல் இடம் ரத்த அழுத்தத்துக்கு. பி.பி. ஏறினாலும் பெரும்பாலும் எந்த வலியும் தெரியாது. 'நல்லாத்தானே இருக்கேன்' என்று மாத்திரையை நிறுத்துவதுதான் பலருக்கு வினையாகிறது. பி.பி., சர்க்கரை, கொழுப்பு, ரத்தம் உறையாமல் இருப்பதற்கு என்று டாக்டர் எழுதிய எந்த மாத்திரையையும் அவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. பி.பி. எவ்வளவு இருக்க வேண்டும் என்று கேட்டு, வாராவாரம் பார்த்து நோட்டில் எழுதிவாருங்கள்.

ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராம் உப்பு, அதாவது ஒரு டீஸ்பூன் அளவுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழம்பில் உப்பைக் குறைத்துவிட்டு, ஊறுகாய், அப்பளம், கருவாட்டில் அள்ளிக்கொடுத்தால் பயனில்லை. சாத்தூர் காராச்சேவை ரசிக்காத தாத்தா இந்தப் பக்கம் இருக்க மாட்டார். ஆனால், அதில் உப்பும் எண்ணெயும் அதிகம். விழுங்கச் சிரமப்படுபவருக்கு அந்தத் தூள் புரையேறவும் செய்யும். பீடி, சிகரெட், புகையிலை, மது ஆகியவற்றுக்கு முற்றுப்புள்ளிதான்.

கேட்டுப் பெற வேண்டியவை

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால், எந்தெந்தச் சிகிச்சைக்குப் பொருந்தும் என்று ஆஸ்பத்திரியில் உள்ள காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள். பட்டாசு, தீப்பெட்டி ஆலையில் இ.எஸ்.ஐ. பிடித்தம் செய்யப்படும் தொழிலாளி, தன்னைச் சார்ந்திருக்கும் பெற்றோருக்கும் அந்தச் சிகிச்சை கிடைக்குமா என்று விசாரிக்கலாம். சிவகாசியிலேயே இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது. பாதிப்பு நிரந்தரமாகிவிட்டால், 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி சான்றிதழ் பெறலாம். பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவிகிதமாவது பாதிப்பு இருக்க வேண்டும்.

செல்போனில் பதிந்துவைக்க வேண்டிய எண்கள்: ஆம்புலன்ஸுக்கு 108, மருத்துவ ஆலோசனைக்கு 104, மூத்த குடிமக்கள் உதவிக்கு 14567, பெரியவருக்கோ பார்த்துக்கொள்பவருக்கோ மனம் தளர்ந்தால் பேசுவதற்கு 14416.

இன்னும் ஒரு வேலை பாக்கி. பெரியவருக்கு மாத்திரை கொடுக்கச் சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கு வரும்போது, வீட்டில் உள்ள 30 வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் கையை நீட்டி பி.பி. பார்த்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, பெரியவரைப் பார்த்துக்கொள்ளும் அந்த ஒருவருக்கு முதலில் பாருங்கள்.